ரெய்கி டீச்சர் கோர்ஸ், டர்பன்: 16,750 ராண்டுக்கு என்ன கிடைச்சுது

ரெய்கின்னு கை வெச்சு பண்ற ஜப்பான் சிகிச்சை ஒன்னு இருக்கு, அதுக்கு வாத்தியார் ஆகற கோர்ஸ் முடிச்சு, அந்த சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டின அன்னைக்கு எங்க அத்தை, அதாவது மாமியார், கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு கிட்டப் போய் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "எங்க ஆயா கை வெச்சு வழிச்சா சுளுக்கு போயிடும். வெத்தலை பாக்கும் ஒரு தேங்காயும்தான் குடுப்பாங்க. நீ இதுக்கு எவ்ளோ குடுத்தே மா?" நான் அடுப்புல ஏதோ கருகற மாதிரி கிச்சனுக்கு ஓடிட்டேன். வீட்டுக்காரர் பேப்பருக்குள்ள மூஞ்சியை வெச்சுக்கிட்டு சிரிச்சது மட்டும் கேட்டுச்சு. அவங்ககிட்ட சொல்லாத பதிலைத்தான் இங்க எழுதறேன், இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் யாராவது இந்த கோர்ஸுக்கு பணம் கட்டலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா உபயோகப்படும்.

சரி கணக்கு. லெவல் ஒன்னு 1,600 ராண்டு, லெவல் ரெண்டு 2,400, மாஸ்டர் டீச்சர் கோர்ஸ் 9,500, அதுல வர்ற ரெண்டு நாள் ரிட்ரீட்டுக்கு, அதாவது வெளியூர்ல தங்கிப் படிக்கறதுக்கு, தனியா 2,800 (இது சேர்ற அன்னைக்கு சொல்லலை, மூணாவது மாசம்தான் சொன்னாங்க), மேனுவலுக்கு 450. மொத்தம் 16,750. பெட்ரோல், டோல் எல்லாம் சேக்கலை, சேத்தா வீட்டுல சண்டை வரும்.

இடத்தோட பேரை போடமாட்டேன். கேக்காதீங்க. நல்லதும் சொல்லப்போறேன் கெட்டதும் சொல்லப்போறேன், டர்பன்ல நம்ம ஆளுங்க வட்டம் ரொம்பச் சின்னது, அடுத்த கல்யாணத்துல பந்தியில பக்கத்து சீட்டுல வந்து உக்காருவாங்க. டர்பன் நார்த்ல ஒரு வீடு, பின்னாடி பெரிய ரூம், ஜன்னலைத் தொறந்தா மாமரம், மரத்துல குரங்கு. அது போதும்.

நான் கும்பகோணத்துக்காரி. 2006-ல கல்யாணம் ஆகி இங்க வந்தேன். வீட்டுக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையா இந்த ஊர்தான், கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க வம்சம், 1860 நவம்பர்ல மெட்ராஸ்லேர்ந்து வந்த ட்ரூரோ கப்பல்ல எங்க பாட்டன் வந்தார்னு சொல்வாங்க. இங்க யாரைக் கேட்டாலும் அவங்க பாட்டன் அந்தக் கப்பல்தான். அதுல வந்ததே முன்னூத்துச் சொச்சம் பேர், இவங்க சொல்ற அத்தனை பேரும் ஏறியிருந்தா கரையைத் தாண்டறதுக்குள்ள மூழ்கியிருக்கும். சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்ல ஒரு கோயில் ஹால்ல பசங்களுக்கு அ ஆ சொல்லிக் குடுக்கறேன், பதினோரு வருஷமா. இதை ஏன் சொல்றேன்னா டீச்சர் ட்ரெய்னிங்னு ஒருத்தர் போர்டு மாட்டினா அதுல என்ன இருக்கணும்னு எனக்கு கொஞ்சம் தெரியும், என் கம்ப்ளெய்ன்ட்ல பாதி அதுலதான் இருக்கு.

எப்படி ரெய்கிக்குள்ள வந்தேன்னா 2020 ஜூன்ல ஊர்ல அப்பா போயிட்டார். இங்க மார்ச் 27-லேர்ந்து லாக்டவுன், ஃப்ளைட் கிடையாது, வாட்ஸ்அப் வீடியோல கொள்ளி வெக்கறதைப் பாத்தேன், நடுவுல நெட் கட் ஆகி திரும்ப வந்தப்ப எல்லாம் முடிஞ்சு தம்பி தலை துவட்டிக்கிட்டு இருந்தான். அதுக்கப்புறம் ஒரு வருஷம் சரியா தூக்கம் இல்ல. டாக்டர் மாத்திரை குடுத்தார், சாப்ட்டேன், அதையும் மறைக்க ஒன்னுமில்ல. பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிடையர் ஆனவங்க, லாக்டவுன் கொஞ்சம் தளர்ந்ததும் மாஸ்க் போட்டுக்கிட்டு வந்து "சும்மா படும்மா"ன்னு சொல்லி தலையில கை வெச்சாங்க. ஒரு மணி நேரம். ஒரு வார்த்தை பேசலை. நான் குறட்டை விட்டேன்னு அவங்க சொன்னாங்க, எனக்குத் தெரியாது, ஆனா முழிச்சப்ப ரூம் இருட்டி இருந்துச்சு. அப்பா போனதுக்கப்புறம் என்னை யாருமே அப்படி தொட்டு உக்காந்ததில்ல, அவ்வளவுதான் விஷயம்னு இப்ப தோணுது, அன்னைக்கு அதிசயமா இருந்துச்சு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ரெய்கி ஜப்பான் சமாச்சாரம், மிகாவோ உசுய்னு ஒருத்தர் 1922-ல ஆரம்பிச்சார். ரெய்கி சக்தி கை வழியா போகுதுன்னு நம்பிக்கை. தலையில ஆரம்பிச்சு கண்ணு, காது, கழுத்து, நெஞ்சு, வயிறுன்னு ஒவ்வொரு இடத்துலயும் மூணு நாலு நிமிஷம் கையை வெச்சு உக்காரணும், அழுத்தறதோ பிடிச்சு விடறதோ கிடையாது. கத்துக்கறதுக்கு முன்னாடி டீச்சர் ஒரு தீட்சை குடுப்பார், இங்கிலீஷ்ல அட்யூன்மென்ட். மூணு படி இருக்கு, மூணாவதுதான் மாஸ்டர், அதாவது அடுத்தவங்களுக்கு தீட்சை குடுக்கலாம். மாஸ்டர்னா ஏதோ ஞானின்னு நினைச்சுக்காதீங்க, வாத்தியார்னு அர்த்தம்.

லெவல் ஒன்னும் ரெண்டும் நல்லாவே இருந்துச்சு, அதைப் பத்தி பெருசா சொல்ல ஒன்னுமில்ல. 21 நாள் நமக்கு நாமே தினமும் கை வெச்சுக்கணும், அதை ஒழுங்கா செஞ்சேன், தூக்கம் வந்துச்சு. லெவல் ரெண்டுல தூரத்துல இருக்கறவங்களுக்கு அனுப்பறது சொல்லிக் குடுப்பாங்க. ஊர்ல இருக்கற அம்மாவுக்கு அனுப்பிட்டு போன் பண்ணி "என்னம்மா ஏதாவது தெரிஞ்சுதா"ன்னு கேட்டேன், "ஆமாடி, மோட்டார் ரிப்பேர் ஆயிடுச்சு"ன்னாங்க. தீட்சைக்கு மூணு நாள் முன்னாடி கவிச்சி கூடாதுன்னு ரூல், அத்தைக்கு அது மட்டும் பிடிச்சுது, நம்ம புரட்டாசி ஒரு மாசம் இருக்கோம் இந்த வெள்ளைக்காரங்க மூணு நாளைக்கு மூக்கால அழறாங்களான்னு கேட்டாங்க.

2023 பிப்ரவரியில மாஸ்டர் கோர்ஸ் சேந்தேன். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, மொத்தம் பத்து கிளாஸ், ஆறு பேர். சொல்லிக் குடுத்தது ரெண்டு பேர். பெரியவங்க எழுபது வயசு, முன்னாடி ஆஸ்பத்திரியில ஃபிசியோதெரபிஸ்டா இருந்தவங்க, கொஞ்சமாத்தான் பேசுவாங்க, பேசினா நறுக்குன்னு இருக்கும். இன்னொருத்தர் அவங்களோட சேந்து நடத்தறவர், வாய் ஜாலக்காரர். கோர்ஸோட நல்லது எல்லாம் முதல் ஆள்கிட்டேர்ந்து வந்துச்சு, பில் எல்லாம் ரெண்டாவது ஆள்கிட்டேர்ந்து வந்துச்சு. ஃபீஸ் ஜாஸ்தியா இருக்கேன்னு யாரோ கேட்டதுக்கு அவர் சொன்னது: ஹவாய்ல ஹவாயோ டகாட்டான்னு ஒரு அம்மா இருந்தாங்க, ஜப்பானுக்கு வெளிய ரெய்கி பரவினதே அவங்களாலதான், 1980-ல சாகறதுக்குள்ள 22 பேரை மாஸ்டர் ஆக்கினாங்க, ஒரு ஆளுக்கு 10,000 டாலர் வாங்கினாங்க, அதைப் பாத்தா நீங்க குடுக்கறது சில்லறை. விவரம் என்னவோ நெஜம்தான், நானும் தேடிப் பாத்துட்டேன். ஆனா அவர் சொன்ன தினுசு, போன வாரம் தங்கம் எவ்ளோ வித்துச்சு தெரியுமாம்மான்னு ஆரம்பிக்கற நகைக்கடைக்காரர் மாதிரியே இருந்துச்சு. ஒவ்வொரு கிளாஸ் முடிவுலயும் இந்த ரெண்டாமவரோட ஸ்படிகக் கல்லு ட்ரே ஒன்னு விக்கறதுக்கு சுத்தி வரும். நான் வாங்கலை. ரெண்டு பேர் ஒவ்வொரு தடவையும் வாங்கினாங்க.

அந்த வருஷம் லோட் ஷெட்டிங், அதாவது முறை வெச்சு கரன்ட் கட் பண்றது, ஸ்டேஜ் சிக்ஸ் வரைக்கும் போச்சு, ஞாபகம் இருக்கும். கரன்ட் போனா இவங்களுக்கு ஒன்னும் ஆகாது, மெழுகுவர்த்தியும் சாம்பிராணியும் ஏற்கனவே எரியுது, எங்களுக்கு போனதே சில சமயம் தெரியாது, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தடதடன்னு ஆரம்பிச்சாத்தான் தெரியும். தியானத்துல உக்காந்து அந்த ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே மூச்சைக் கவனிக்கறது ஒரு தனி ட்ரெய்னிங். அதுக்கு காசு வாங்கலை.

இப்ப குறை. மேனுவல்ல முதல் பக்கமே உசுய் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார், கியோட்டோல டோஷிஷா யுனிவர்சிட்டிக்குத் தலைவரா இருந்தார், சிகாகோ யுனிவர்சிட்டியில படிச்சார்னு போட்டிருக்கு. இது டகாட்டா காலத்துல சொல்லப்பட்ட கதை. அந்த ரெண்டு இடத்துலயும் தேடினவங்களுக்கு அப்படி ஒரு ஆள் இருந்ததா ரெக்கார்டே கிடைக்கலை. ஆனா டோக்கியோல சைஹோஜின்னு ஒரு கோயில்ல உசுய்க்கு ஒரு பெரிய கல்வெட்டே இருக்கு, அவர் 1926 மார்ச்ல இறந்து அடுத்த வருஷமே சிஷ்யருங்க வெட்டி வெச்சது. குராமா மலையில 21 நாள் விரதம் இருந்தது, 1922-ல டோக்கியோவுக்கு வந்து சங்கம் ஆரம்பிச்சது, 1923 பூகம்பத்துல அடிபட்டவங்களுக்குப் போய் கை வெச்சது, எல்லாம் அதுல இருக்கு. பாதிரியார் கதை இல்ல. நான் கும்பகோணத்துல பொறந்தவ, பிரகாரம் பூரா கல்வெட்டு, எந்த ராஜா எத்தனை ஆடு குடுத்து எந்த விளக்கு எரிய வெச்சான்னு கல்லுல இருக்கறப்ப குருக்கள் வேற கதை சொன்னா எங்க அப்பா அங்கயே நின்னு "சாமி, இங்க வேற மாதிரி இருக்கே"ன்னு கேப்பார். அந்த புத்தி எனக்கும் இருக்கு, கேட்டேன். ரெண்டாமவர், ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க உண்மைன்னார். வருஷமும் ஊரும் எப்படி அவங்கவங்க உண்மை ஆகும்னு தெரியலை. பெரியவங்க மட்டும் அடுத்த மாசம் அந்தப் பக்கத்தை பேனாவால குறுக்க அடிச்சுட்டு வந்தாங்க, எல்லார் காப்பியிலயும். மரியாதை வந்துச்சு. மேனுவல் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ்ங்கறதையும் சொல்லிடறேன், 450 ராண்டு.

அந்த ஜெராக்ஸால வந்த கூத்து ஒன்னு. ரெய்கியில சின்னங்கள் இருக்கு, ஜப்பான் எழுத்து மாதிரி கோடுங்க: சோ கு ரெய், செய் ஹே கி, ஹோன் ஷா ஸெ ஷோ நென், அப்புறம் மாஸ்டருக்குன்னு டாய் கோ ம்யோ. இதைப் பாக்காம, வரிசை தப்பாம, காத்துல விரலால போடணும். ஹோன் ஷா ஸெ ஷோ நென் இருக்கே, அது அஞ்சு எழுத்தை ஒன்னு மேல ஒன்னு அடுக்கின மாதிரி, இருபது கோட்டுக்கு மேல வரும், எங்க பேட்ச்ல ஒருத்தர் கடைசி வரைக்கும் அதைப் போட முடியாம அழுதே விட்டார். எனக்கு அது மட்டும் வந்துச்சு. காரணம் கோலம். முதல் மாசம் தாம்பாளத்துல ரவையைப் பரப்பி விரலால போட்டு போட்டுப் பாத்தேன், மூணாவது நாள் கைக்கே தெரிஞ்சுடுச்சு, எங்க தூக்கணும் எங்க இழுக்கணும்னு. பதினாறு புள்ளி பதினாறு வரிசை போட்டவளுக்கு இது என்ன. ஆனா என் மேனுவல்ல ஒரு கோடு ஜெராக்ஸ்ல தேஞ்சு போயிருந்துச்சு, நான் அந்தக் கோடே இல்லாம ஒரு மாசம் பிராக்டிஸ் பண்ணிட்டுப் போய் நின்னேன். பெரியவங்க பாத்துட்டு "அழகா போடறே, ஆனா இதுல ஒரு எழுத்துக்கு காலைக் காணோம்"னாங்க. சோ கு ரெய்ல வர்ற சுழி வலமா இடமான்னு வேற உலகம் பூரா சண்டை, ஒவ்வொரு பரம்பரைக்கும் ஒவ்வொரு மாதிரி. நம்ம நாமம் வடகலை தென்கலை மாதிரி வெச்சுக்கோங்க, இன்னும் கோர்ட்டுக்குத்தான் போகலை.

ஜூலையில ரிட்ரீட். இங்கிலாந்து இல்ல, டர்பனுக்கு மேல மிட்லண்ட்ஸ்னு சொல்ற மேட்டுப் பக்கம், நாட்டிங்ஹம் ரோடுங்கற ஊர்கிட்ட ஒரு பண்ணை வீடு. டர்பன்லேர்ந்து என்3 ஹைவேல மேரியன்ஹில் டோல் தாண்டி பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி மேல ஏற ஏற குளிர் கண்ணாடியில தெரியும். டர்பன்ல குளிர்காலம்னா முழுக்கை சட்டை, அங்க விடிகாலையில புல்லு மேல வெள்ளை வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, நான் பட்டுப்புடவை மடிக்கற ஷாலு உள்பட எல்லாத்தையும் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். சாப்பாடு சைவம், ஆனா நாலு வேளையும் பட்டர்நட் சூப்பு. பரங்கிக்காய்க்கு சொந்தக்காரிதான் பட்டர்நட், அதை உப்பு புளி இல்லாம நாலு வேளை குடிச்சா மனுஷனுக்கு ஞானம் வராது, வேற ஏதாவதுதான் வரும். நான் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொண்டு போயிருந்தேன், ரெண்டாவது நாள் காலையில பாட்டில் காலி, கல்லு ட்ரே ஆசாமியும் ரொட்டியில தடவி சாப்ட்டார்.

அங்கதான் தீட்சை குடுக்கறதை ஒருத்தர் மேல ஒருத்தர் பண்ணிப் பழகினோம். வெளிய இருந்து பாத்தா சுலபம், நாற்காலியில கண்ணை மூடி கைகூப்பி உக்காந்திருக்கறவங்களுக்குப் பின்னாடி நின்னு உச்சந்தலையில சின்னம் போட்டு, முன்னாடி வந்து கையில போட்டு, ஊதி, திரும்ப பின்னாடி போய் முடிக்கணும். ஆனா இவங்க சொல்லிக் குடுத்த முறையில நடுவுல நாக்கை மேல் அண்ணத்துல ஒட்டி, கீழ இறுக்கிப் பிடிச்சு, மூச்சை அடக்கிக்கிட்டே நடக்கணும். கீழ இறுக்கறதுன்னா வேற ஒன்னுமில்ல, நம்ம யோகா மாஸ்டருங்க சொல்ற மூலபந்தம், அதைப் போட்டுக்கிட்டு பத்மாசனத்துல உக்காரச் சொன்னா சரி, ஷாலும் சாக்ஸும் போட்டுக்கிட்டு மரத்தரையில நாலு பேரைச் சுத்தி நடன்னா எப்படி. என் முறை வந்தப்ப மூணாவது ஆள்கிட்ட போறதுக்குள்ள தும்மல் வந்துடுச்சு, நாக்கு, மூச்சு, பந்தம் எல்லாம் ஒரே நேரத்துல அவுந்துச்சு. ஆறு பேரும் சிரிச்சு முடிக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. பெரியவங்களும் சிரிச்சாங்க. "உசுய் இந்த மாதிரி பண்ணாரான்னு சொல்ல முடியாது, நிதானமா பண்ணு, போதும்"னாங்க.

அன்னைக்கு சாயங்காலம் நடந்ததுக்காகத்தான் இந்த கோர்ஸுக்கு நான் காசு குடுத்தது வீணில்லன்னு சொல்வேன். பக்கத்துப் பண்ணையில வேலை செய்யற ரெண்டு மூணு பேர் எங்க பிராக்டிஸுக்குப் படுக்க வந்திருந்தாங்க. எங்க பேட்ச்ல ஒருத்தர், நல்ல மனசுதான், ஒரு அம்மாவோட வயித்து மேல கையை வெச்சுக்கிட்டு "இங்க ஏதோ கருப்பா கனமா இருக்கு"ன்னு சொல்லிட்டார். ரெய்கியில கையால தேடறதுன்னு ஒன்னு இருக்கு, சூடு, குறுகுறுப்பு எங்க தெரியுதுன்னு பாக்கறது, அதை வெச்சு சொல்லிட்டார். அந்த அம்மா எழுந்து உக்காந்துட்டாங்க. அவங்க அக்கா வயித்துல கேன்சர் வந்து இறந்தவங்களாம். அழுகைன்னா அப்படி ஒரு அழுகை. பெரியவங்க கிளாஸை நிறுத்தினாங்க. முதல்ல அந்த அம்மாவுக்கு டீ போட்டுக் குடுத்து, இவருக்கு ஒன்னும் தெரியாது, உங்களுக்கு பயமா இருந்தா கிளினிக்குக்குப் போங்க, நானே கூட்டிட்டுப் போறேன்னு பக்கத்துல உக்காந்தாங்க, மறுநாள் சொன்ன மாதிரியே கார்ல கூட்டிட்டும் போனாங்க. அப்புறம் எங்ககிட்ட வந்து சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. "உங்க கைக்கு சூடு தெரிஞ்சா அது உங்க கையோட சமாச்சாரம். அதை வாயால சொன்ன நிமிஷம் ஒருத்தரோட தூக்கத்தைத் திருடிட்டீங்க." அப்புறம் ஒரு மணி நேரம் எது சொல்லக்கூடாதுன்னு மட்டுமே பேசினாங்க. நோயோட பேரைச் சொல்லாதே, மாத்திரையை நிறுத்துன்னு சொல்லாதே, குணமாயிடும்னு சொல்லாதே, கேக்காம கையை வெக்காதே, நெஞ்சு இடுப்பு பக்கம் போனா கையை மேல தூக்கிக்கோ, தொடாமலே பண்ணு. இந்த ஒரு மணி நேரம் மேனுவல்ல இல்ல. மேனுவல்ல ஏழு சக்கரத்துக்கு ஏழு கலர் போட்ட படம் இருக்கு, அதுவும் கருப்பு வெள்ளை ஜெராக்ஸ்ல.

நம்பறியா இல்லையான்னு நீங்க கேப்பீங்க. என் பையனும் கேட்டான், பதினஞ்சு வயசு. அவன் எங்கயோ படிச்சுட்டு வந்து ஒரு கதை சொன்னான், அமெரிக்காவுல எமிலி ரோஸான்னு ஒம்பது வயசுப் பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக ஒரு டெஸ்ட் பண்ணாளாம், கை வெச்சு சக்தி உணர்றோம்னு சொல்ற 21 பேரை அட்டைக்குப் பின்னாடி கை நீட்டச் சொல்லி, எந்தக் கைக்கு மேல என் கை இருக்கு சொல்லுங்கன்னு கேட்டாளாம், 280 தடவையில 44 சதவீதம்தான் சரி, 1998-ல பெரிய டாக்டர் பத்திரிகையில வந்துச்சாம். அது ரெய்கி இல்ல, தெரப்யூட்டிக் டச்னு அதுக்குத் தூரத்து சொந்தம், நான் உடனே அந்தப் பாயின்ட்டைப் பிடிச்சுக்கிட்டேன். அவன் விடலை. கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவை வெட்டி ரெண்டு ஓட்டை போட்டு டைனிங் டேபிள்ல வெச்சு உக்கார வெச்சுட்டான். இருபது தடவை. ஒம்பது சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தா பத்து வந்திருக்கும். அடுத்த ஞாயிறு கிளாஸ்ல இதைச் சொன்னேன். ரெண்டாமவர், சந்தேகத்தோட பண்ணா சக்தி வராதுன்னார். பெரியவங்க, "பையனை சயின்ஸ் படிக்க வை, நீ கிளாஸுக்கு வா, ரெண்டும் நடக்கட்டும்"னாங்க. எனக்கு பெரியவங்க சொன்ன பதில் போதுமா இருந்துச்சு. அந்த சக்தியை யாரும் அளந்து காட்டினதில்ல, எனக்கும் தெரியலை, ஆனா ஒரு மணி நேரம் போனை ஆஃப் பண்ணிட்டு ஒருத்தர் பக்கத்துல கை வெச்சு உக்காந்தா படுத்திருக்கறவங்களுக்கு உடம்பு தளருது, அதை என் கண்ணால பாத்திருக்கேன், அதுக்கு மேல க்ளெய்ம் பண்ண எனக்கு வாய் வரலை.

இப்ப என்னோட முக்கியமான கம்ப்ளெய்ன்ட். டீச்சர் ட்ரெய்னிங்னு பேரு, டீச்சிங் எங்க? பத்து கிளாஸ்ல எட்டு கிளாஸ் சின்னம், தீட்சை, தியானம். கடைசி ரெண்டுல ஆளுக்கு இருபது நிமிஷம் சொல்லிக் குடுத்துப் பாருங்கன்னாங்க. சொல்லிக் குடுத்துட்டு உக்காந்தா எல்லாரும் கை தட்டுவாங்க, அன்பா இருந்துச்சும்பாங்க, அடுத்த ஆள். என் கோயில் ஹால்ல புதுசா வர்ற வாலண்டியருக்கு நான் இதைவிட ஜாஸ்தி சொல்லிக் குடுக்கறேன். ழ வராத பையனுக்கு எப்படி, எல்லாம் தெரியும்னு வர்ற பெரியவருக்கு எப்படி, நடுவுல எழுந்து போறவங்களை என்ன பண்றது, ஒருத்தர் அழ ஆரம்பிச்சா மத்த அஞ்சு பேரை யார் பாத்துக்கறது, இதெல்லாம்தானே வாத்தியார் வேலை. சடங்கைக் கத்துக் குடுத்துட்டு வாத்தியார்னு பட்டம் குடுக்கறாங்க. நானே போய் கேட்டேன், பெரியவங்க நடத்தற லெவல் ஒன்னு கிளாஸுக்கு சும்மா வந்து நாற்காலி போடறேன்னு. மூணு கிளாஸுக்குப் போனேன், நாற்காலி போட்டேன், டீ கலந்தேன், அவங்க எப்ப பேசறாங்க எப்ப வாயை மூடிக்கறாங்கன்னு பாத்தேன். வாத்தியார் வேலைன்னு நான் கத்துக்கிட்டது அந்த மூணு நாள்தான், அதுக்கு ஃபீஸ் இல்ல. நீங்க எங்க சேந்தாலும் முதல்ல இதைக் கேளுங்க, கூட நின்னு கிளாஸ் எடுக்க விடுவீங்களான்னு.

அப்புறம் சர்டிஃபிகேட். தங்கக் கலர் முத்திரை, சர்வதேச அங்கீகாரம்னு பெரிய எழுத்து. சேரும்போது ரெண்டாமவர் இதை வெச்சு தொழில் பண்ணலாம்னு சொன்னார். பண்ணலாம், சர்டிஃபிகேட் இல்லாமலும் பண்ணலாம், அதுதான் விஷயம். இந்த ஊர்ல அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சில்னு அரசாங்கச் சட்டப்படி ஒன்னு இருக்கு, ஆயுர்வேதம், ஹோமியோபதி, சைனீஸ் மெடிசின், யுனானி திப், ரிஃப்ளெக்ஸாலஜி எல்லாம் அதுல ரெஜிஸ்டர் பண்ணணும். ரெய்கி அந்த லிஸ்ட்லயே இல்ல. அதனால யார் வேணா போர்டு மாட்டலாம், அங்கீகாரம்னு யாராவது சொன்னா யாரோட அங்கீகாரம்னு கேளுங்க. எங்க பேட்ச்ல ஒரு தங்கச்சி வேலையை விட்டுட்டு இதை நம்பி வந்தா, ஆறு மாசத்துல பழையபடி அக்கவுன்ட்ஸ் வேலைக்கே போயிட்டா. இன்னொரு தமிழ்க் கத்தோலிக்க அக்கா பாதியில நின்னுட்டாங்க, அமெரிக்க பிஷப்புங்க 2009-லயே ரெய்கி வேணாம்னு அறிக்கை விட்டிருக்காங்க, அதைக் காட்டி அவங்க வீட்டுல ஒரே சண்டை. மீதி பணம் திரும்ப வரலை, இதையும் சேரும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

ஸ்டார் குடுக்கணும்னா பெரியவங்களுக்கு அஞ்சு, மேனுவலுக்கு ஒன்னு, பட்டர்நட் சூப்புக்கு மைனஸ், சேத்து மூணரைன்னு வெச்சுக்கோங்க. தொழிலுக்காகன்னா போகாதீங்க. உடம்பு சரியில்லாதவங்க பக்கத்துல எப்படி உக்காரணும்னு கத்துக்கணும்னா, சரியான ஆள் கிடைச்சா, லெவல் ரெண்டு வரைக்கும் தாராளமா போங்க, எனக்கு அது 4,000 ராண்டுல முடிஞ்சுது. அதுக்கு மேல போறதுக்கு முன்னாடி ஆறு மாசம் சும்மா இருந்து பாருங்க.

2024 மார்ச்ல என் முதல் கிளாஸ். நாலு பேர், எங்க வீட்டு ஹால்ல, ஃபீஸ் 300 ராண்டு, அதுல சாப்பாடும் அடக்கம். தமிழ்ல எடுத்தேன், இடையிடையே இங்கிலீஷ், வேற வழியில்ல. அஞ்சு உறுதிமொழி இருக்கு உசுய் சொன்னது, ஜப்பானீஸ்ல சொல்லி யாருக்கும் ஒன்னும் புரியலை, இன்னைக்கு மட்டும் கோவப்படாதே, இன்னைக்கு மட்டும் கவலைப்படாதே, நன்றியோட இரு, வேலையை ஒழுங்கா பாரு, எல்லார்கிட்டயும் அன்பா இருன்னு சொன்னவுடனே ஒரு ஆன்ட்டி, "இன்னைக்கு மட்டுமா, அப்ப முடியும்"னாங்க. அதே ஆன்ட்டிதான் லஞ்ச்ல கேட்டாங்க, இனிமே சுகர் மாத்திரையை நிறுத்திடலாமான்னு. நிறுத்தினா நான் உங்க வீட்டுப் பக்கமே வரமாட்டேன்னேன். இப்ப ஒவ்வொரு தடவை பாக்கறப்பவும் மாத்திரை டப்பாவைத் தொறந்து காட்டிட்டுத்தான் கையை நீட்டறாங்க.

அத்தைக்கு முட்டி வலி. டாக்டர் ஆபரேஷன்ங்கறார், இவங்க மாட்டேங்கறாங்க. ராத்திரி எட்டு மணிக்கு சீரியல் ஆரம்பிச்சதும் சோஃபாவுல காலை நீட்டிக்கிட்டு என்னைப் பாக்காமலே "வா மா, அந்த ஜப்பான் வேலையைப் பண்ணு"ம்பாங்க. தரையில உக்காந்து முட்டியில கையை வெப்பேன். ஒரு தடவை கூட நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. நேத்து விளம்பரம் வந்தப்ப குக்கர் விசில் அடிச்சுது, எழுந்திருக்கப் போனேன். "குக்கரை அவன் நிறுத்துவான், நீ உக்காரு"ன்னு மகனைக் கூப்பிட்டாங்க. வீட்டுக்காரர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு போய் நிறுத்தினார்.